ஜெர்மனியின் பழைய நகரங்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போவது எப்படி: புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளுக்காக

பத்து நாளில் எட்டு ஊர் காட்டுகிறோம் என்று வரும் பேக்கேஜை முதலில் ஓரமாக வையுங்கள். அதில் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும், மீதி நாளில் ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், நாலு போட்டோ, திரும்பவும் பஸ். மாணவர்களுக்குக் கடைசியில் எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே நினைவில் இருக்காது. வீட்டில் கடன் வாங்கியாவது பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் இருக்கிற ஊர் நம்முடையது, அந்தப் பணத்துக்கு உரிய பயணமாக இது இருக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். இரண்டே இரண்டு ஊர்களில் தங்குங்கள். தெற்கே நியூரம்பெர்க்கில் நாலு இரவு, கிழக்கே லைப்சிக்கில் ஐந்து இரவு. மற்ற ஊர்களுக்கெல்லாம் காலையில் ரயிலேறிப் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். பெட்டியை ஒரு தடவைதான் மாற்ற வேண்டும், பிள்ளைகளுக்கும் டிராம் நிறுத்தம், ரொட்டிக்கடை, குறுக்குச் சந்து எல்லாம் இரண்டாம் நாளே பழகிவிடும். அப்புறம்தான் ஊரைப் பார்க்கிற கண் வரும். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை இங்கேயே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்: இது உண்மையிலேயே அந்தக் காலத்தியதா, இடிந்தபின் திரும்பக் கட்டியதா, அப்படியென்றால் யார், எப்போது, ஏன் அதே மாதிரி கட்டினார்கள்? ஜெர்மனியின் பழைய நகரங்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் சிதைந்து மீண்டவை. இந்தக் கேள்வி இல்லாமல் போனால் அழகான ஓட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் உள்ளூரில் ஒரு பயிற்சி

இந்தக் கேள்வியைப் பழக நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன் எல்லாரையும் கடற்கரைச் சாலையில் மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்துங்கள். பழைய கட்டடமா என்று கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் ஆமாம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அசல் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, இப்போது நிற்பது அதே தோற்றத்தில் கட்டி 2021இல் திறந்தது. அங்கிருந்து நடந்தபடியே, 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள் என்பதையும், இன்று நாம் பார்க்கும் வெள்ளைக்காரப் பகுதி அதற்குப் பிறகு எழுந்தது என்பதையும் சொல்லுங்கள். கடலூர் மாணவர்களுக்கு அதற்கு முந்தைய கதை இருக்கிறது: 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். இரண்டு பக்கமும் மாறிமாறி இடித்துக்கொண்ட கதையைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, குண்டுவீச்சில் எரிந்து மீண்ட ஜெர்மன் நகரமான டிரெஸ்டன் புரியும்.

இன்னொரு நாள் முழுதாகத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போகிற சாலைதான், வேன் வைத்தால் போய்விட்டு இருட்டும் முன் வந்துவிடலாம். 1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சா என்ற இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில். அவர் மணலில் எழுதப் பழகிய தமிழ், ஹாலேயில் வார்த்துக் கப்பலில் வந்த தமிழ் அச்செழுத்துகள், 1715இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, அவருடைய கல்லறை இருக்கிற புதிய எருசலேம் ஆலயம் என்று எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொல்லிவிட்டால், ஹாலேக்குப் போகும்போது நம் ஊர்க் கதையின் மறுபாதியைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணம் தானாக வரும். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். செலவோ குறைவு, பயன் ரொம்பப் பெரியது.

ஆட்கள், காகிதங்கள்

கூட்டத்தை ஐந்தின் மடங்காக வையுங்கள், ஆசிரியர்களையும் சேர்த்து. இருபது அல்லது இருபத்தைந்து பேர் நல்ல அளவு. காரணம் எளிது, ஜெர்மனியில் மாநில அளவில் விற்கும் ஒருநாள் ரயில் டிக்கெட்டை ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டாக வாங்கலாம், ஆள் கூடக்கூடத் தலைக்குச் செலவு குறையும். அந்த ஐவர் குழுவே தலை எண்ணுவதற்கும், சமையலுக்கும், வழி தவறினால் சேர்ந்து நிற்பதற்கும் உதவும். மாணவிகள் இருந்தால் பெண் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும், பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுதான்.

விசா வேலையை ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு அதிகபட்சம் ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பு கொடுத்தாக வேண்டும், ஆனால் அந்தக் கடைசி நாளை நம்பி இருக்காதீர்கள், கோடை விடுமுறைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முதல் தடவை விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், அதனால் சென்னைக்கு ஒரு நாள் வேன் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகிறதாகவும், இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பதினெட்டு நிரம்பாத முதலாண்டு மாணவர் இருந்தால் அப்பா அம்மா இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

இதில் நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல் பெயர். கல்லூரி அடையாள அட்டையில் இனிஷியல், ஆதாரில் வேறு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இருக்கும் அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். விசா படிவம், விமான டிக்கெட், காப்பீடு, கல்லூரிக் கடிதம் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒரு மாணவரை இதற்கென்றே பொறுப்பாகப் போட்டு, எல்லாருடைய பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியின் அனுமதிக் கடிதம், செலவை ஏற்கும் பெற்றோரின் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம், தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம் எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிய இருபது கோப்புகளாகப் போனால் அங்கே வேலை சீக்கிரம் முடியும்.

எப்போது போவது என்றால், நம் தேர்வுகள் முடிகிற மே மாதமே நல்லது. அங்கே வசந்தம், இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம், ஆனால் காலையில் நம் பிள்ளைகளுக்குக் குளிரும், மழையும் வரும். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய ஆடையும் மேலே மழைக்கோட்டும் உதவும். காலுக்கு நன்றாகப் பழகிய ஷூ, புது ஷூ வேண்டவே வேண்டாம். பழைய நகரங்களின் தெருவெல்லாம் கருங்கல் பாவியது, சக்கரப் பெட்டியை அதில் இழுத்துப் போவது பெரும்பாடு, முதுகுப்பை போதும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிலையமும் இருப்பதால் ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரத்தில் நியூரம்பெர்க்.

நியூரம்பெர்க்கும் சுற்றுவட்டாரமும்

நியூரம்பெர்க்கில் தங்க, கோட்டையை ஒட்டியே இளைஞர் விடுதி இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தானியக் கிடங்காகக் கட்டி, பேரரசரின் குதிரை லாயமாகவும் பயன்பட்ட கட்டடம். மாணவர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, ஆனால் சீக்கிரம் நிறைந்துவிடும், தேதி முடிவானதும் எழுதிவிடுங்கள். ஜெர்மன் இளைஞர் விடுதிகளில் தங்க உறுப்பினர் அட்டை வேண்டும், குழுவாகப் போனால் எப்படி வாங்குவது என்று விடுதிக்கு எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்பும் காலை உணவும் வாடகையில் சேர்ந்தே வரும்.

முதல் நாள் ஊருக்குள்ளேயே நடங்கள். 1945 ஜனவரி 2ஆம் தேதி இரவு நடந்த குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமானது. பிறகு அதே தெருக்கோட்டில், அதே கூரைச் சாய்வில் திரும்பக் கட்டினார்கள், ஆனால் வீடுகளையெல்லாம் அச்சுப் பிரதியாகச் செய்யவில்லை. பல வீடுகள் 1950களின் எளிமையான சுவர்கள்தான். கோட்டையிலிருந்து கீழே இறங்கும்போது எந்த வீடு எந்த வகை என்று ஒவ்வொரு ஐவர் குழுவும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு குறித்து வரட்டும். ஜன்னல் சட்டம், கல்லின் நிறம், மூலையில் ஒட்டிய பலகை, இவற்றைப் பார்த்தாலே பாதி பிடிபடும். ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் மார்ட்டின் பெஹைம் 1490களின் தொடக்கத்தில் செய்வித்த பூகோள உருண்டை இருக்கிறது, இன்றைக்கு இருப்பவற்றில் உலகிலேயே பழமையானது, அதில் அமெரிக்காவே கிடையாது. அதில் இந்தியா எப்படி இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அசையமாட்டார்கள்.

இரண்டாம் நாள் கனமான நாள். நாஜிக் கட்சி மாநாடுகள் நடந்த மைதானமும் முடிக்கப்படாமல் நிற்கும் பிரம்மாண்ட மண்டபமும் ஊருக்குத் தென்கிழக்கே, டிராமில் போகலாம். அதே நாளில் நீதிமன்றத்தின் 600ஆம் எண் அறை. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை நடந்த அறை அது. மைதானத்தை முதலில் பாருங்கள், அறையைப் பிறகு பாருங்கள், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஆட்டம் போட்ட இடத்தையும் பதில் சொன்ன இடத்தையும் ஒரே நாளில் பார்த்த மாணவர்கள் அன்று ராத்திரி விடுதியில் தாமாகவே பேசுவார்கள், நீங்கள் உட்கார்ந்து கேட்டால் போதும்.

மூன்றாம் நாள் ரேகன்ஸ்பர்க், ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். போரில் அதிகம் அடிபடாமல் தப்பிய ஊர், அதனால் நியூரம்பெர்க்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சரியான இடம். டானூப் நதிமேல் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலம் இன்றும் நிற்கிறது, ரோமானியர்கள் கி.பி. 179இல் அமைத்த படைமுகாமின் வடக்கு வாசல் பிற்காலக் கட்டடத்தின் சுவருக்குள்ளேயே புதைந்து தெரிகிறது. நேரம் மிஞ்சினால் நாலாம் நாள் பாம்பெர்க், அதுவும் தப்பிய ஊர், ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகர மன்றத்துக்காகவே போகலாம். ரோத்தன்பர்க்கைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள், அழகுதான், ஆனால் கூட்டம் அதிகம், இருக்கிற நாட்களுக்கு நான் சேர்க்கமாட்டேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், ஜெர்மனியில் நிறைய அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். திட்டம் போடும்போதே திங்களை நடைக்கோ ரயில் பயணத்துக்கோ வையுங்கள்.

லைப்சிக்கும் ஹாலேயும்

நியூரம்பெர்க்கிலிருந்து லைப்சிக்குக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். இந்த ஒரு பயணத்துக்கும் விமான நிலையப் போக்குவரத்துக்கும் மட்டும் குழு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், கடைசி நேரத்தில் விலை எகிறும். லைப்சிக்கில் நிக்கோலாய் தேவாலயம் முக்கியம். கிழக்கு ஜெர்மனி ஆட்சிக்கு எதிரான திங்கட்கிழமைப் பேரணிகள் அங்கிருந்துதான் கிளம்பின, 1989 அக்டோபர் 9ஆம் தேதி சுமார் 70,000 பேர் நடந்தார்கள், ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை, ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அருகிலேயே தோமா தேவாலயம், இசையமைப்பாளர் பாக் 1723 முதல் சாகும் வரை இசைப் பொறுப்பில் இருந்த இடம். பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் வெள்ளி மாலையும் சனி பிற்பகலும் சிறுவர்களின் சேர்ந்திசையைச் சின்னக் கட்டணத்தில் கேட்கலாம். நீங்கள் லைப்சிக்கில் இருக்கும் நாட்களில் ஒரு வெள்ளியோ சனியோ வரும்படி தேதியை அமையுங்கள்.

இப்போது ஹாலே. லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள். சுற்றுலாப் புத்தகங்கள் இந்த ஊரை இரண்டு வரியில் கடந்துபோகும், நமக்கோ இதுதான் பயணத்தின் மையம். அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698இல் தொடங்கிய அறக்கட்டளை வளாகம் அநாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் எல்லாம் சேர்ந்த ஒரு சிற்றூர் அளவுக்கு வளர்ந்தது. நூறு மீட்டருக்கும் மேல் நீளமான மரச்சட்ட வீடு, 18ஆம் நூற்றாண்டு நூலக அரங்கு, கூரைத்தளத்தில் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த பொருள்களை அடுக்கிய அறை, எல்லாம் இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இங்கே காப்பகத்தில் இருக்கின்றன. ஓலைச்சுவடியை நேரில் காண வேண்டுமானால் கேட்டவுடன் எடுத்துக் காட்டமாட்டார்கள், துறைத் தலைவர் கையெழுத்தோடு சில மாதம் முன்பே காப்பகத்துக்கு எழுதுங்கள், நாம் எந்த ஊரிலிருந்து வருகிறோம், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வருகிறோம் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

அங்கே நிற்கும்போது மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒருவர் மலையப்பன். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது உடன் போன தமிழர். சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சானது. நம் பகுதியிலிருந்து அந்த ஊருக்குப் போன வழி முந்நூறு வருடத்துக்கும் பழையது என்று கேட்டால் பிள்ளைகள் முகமே மாறும். கடலூர்க்காரர்களுக்குத் தனியாகவும் சொல்ல இருக்கிறது: ஹாலேயில் இருந்துவிட்டு வந்த கீர்னாண்டர் என்ற சுவீடன்காரர் 1740இல் கடலூரில் மதப்பணிக்கு வந்தார், 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போனார். தேவனாம்பட்டினத்தில் கோட்டையைப் பற்றிச் சொன்னீர்களே, அதே வருடம், அதே படை.

வைமாருக்கு ஒரு நாள். காலையில் ஜெர்மன் கவிஞர்கள் கதே, ஷில்லர் வாழ்ந்த வீடுகள், 1919இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி தொடங்கிய ஊர் என்று நடந்து பார்த்துவிட்டு, பிற்பகல் பஸ்ஸில் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமுக்கு ஏறுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சுமார் 56,000 பேர் இறந்த இடம், வாசல் கடிகாரம் முகாம் விடுபட்ட 1945 ஏப்ரல் 11ஆம் தேதியின் நினைவாக மூன்றே கால் மணியில் நிற்கிறது. அங்கே செல்ஃபி கூடாது என்பதை முந்தின நாளே, காரணத்தோடு, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

கடைசி வெளியூர்ப் பயணம் டிரெஸ்டன், ரயிலில் ஒன்றரை மணிக்குச் சற்றுக் கூட. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்து சரிந்த ஃபிராவன்கிர்ஹே தேவாலயம் நாற்பது வருடத்துக்கும் மேல் கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் வேலை தொடங்கி 2005இல் திறந்தார்கள். பழைய குவியலிலிருந்து எடுத்துச் சேர்த்த கற்கள் கருப்பாகவும் புதியவை வெளிறியும் தெரியும், தூரத்திலிருந்தே எண்ணலாம். மேரி கட்டடத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே சுவரே பதில் சொல்லும், மாணவர்களைப் பேசவிடுங்கள்.

ரயில், சாப்பாடு, பழக்கவழக்கம்

மாநில டிக்கெட்டுகள் வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது, பயணிகள் பெயரை டிக்கெட்டில் எழுத வேண்டும். லைப்சிக், ஹாலே, வைமார் மூன்றும் மூன்று மாநிலங்களில் இருந்தாலும் சாக்சன் டிக்கெட் ஒன்றே மூன்றுக்கும் போதும். டாய்ச்லாந்து டிக்கெட் என்று மாதச் சந்தாவும் உண்டு, 2026 தொடக்கத்திலிருந்து 63 யூரோ, நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். ஆனால் நாட்காட்டி மாதக் கணக்கு என்பதால் பயணம் இரண்டு மாதத்தில் விழுந்தால் இரண்டு தடவை கட்ட வேண்டும், 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். மே மாதத்துக்குள்ளேயே முழுப் பயணத்தையும் வைத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இதுவே லாபம். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும், ஏறும் முன் பெட்டியின் பக்கவாட்டில் ஊர் பெயரைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, கறிவேப்பிலை, மாங்காய் போன்ற பச்சைப் பொருளும் வேண்டாம். அரிசி, பருப்பு, தயிர் அங்கே சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், விடுதியில் சமையலறை உண்டா என்று மட்டும் கேட்டு வையுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், இருபது பேருக்கு இது சின்னத் தொகை இல்லை.

சிவப்பு மனித உருவம் எரியும்போது சாலையைக் கடக்காதீர்கள், வண்டியே இல்லாவிட்டாலும். சைக்கிள் பாதையில் கூட்டமாக நிற்காதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 110, இரண்டு எண்ணையும் விடுதி முகவரியையும் ஒவ்வொருவரும் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கட்டும், போன் சார்ஜ் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

லைப்சிக்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம் ஆகும், ரயில் தாமதமாகலாம், அதனால் விமானத்துக்கும் ரயில் சேரும் நேரத்துக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது விடுங்கள். சென்னையில் இறங்கும் நேரத்துக்குப் புதுச்சேரி வேனையும் கடலூர் வேனையும் தனித்தனியாகச் சொல்லி வையுங்கள், ஒரே வேனில் ஏற்றினால் கடலூர்ப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் கூடும், அவர்கள் ஏற்கெனவே முழு இரவும் தூங்காமல் வந்தவர்கள்.